வன்னிப் பெருநிலத்தின் கோடை: வெக்கை, புகை, காலந்தவறிய மழை

வன்னியில் ஆண்டு இரண்டு பாதிதான்: மாரி, கோடை. ஒக்டோபரில் இடியோடு தொடங்கும் மழை வடகீழ்ப் பருவக்காற்றுடன் சேர்ந்து ஜனவரி வரை நீள்கிறது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களுக்கு ஓராண்டில் கிடைக்கும் ஏறத்தாழ 1,250 முதல் 1,500 மில்லிமீற்றர் மழையில் பெரும்பங்கு இந்த நான்கு மாதத்துக்குள் பெய்து முடிந்துவிடும். மிச்சம் எட்டு மாதம் கோடை. குளம் வான் பாய்வது, வீதி துண்டிக்கப்படுவது, புயல் கரை கடப்பது எல்லாம் மாரியில் நடப்பதால், அனர்த்தம் என்றாலே மாரிதான் என்ற எண்ணம் மக்கள் மனத்திலும் கச்சேரிக் கோப்புகளிலும் ஊறிக் கிடக்கிறது.

கோடையின் கேடு வேறு வகை. அது ஒரே இரவில் வந்து, மறுநாள் படம் பிடிக்கத்தக்க சேதத்தை விட்டுச் செல்வது குறைவு. மாதக்கணக்கில் சிறுகச் சிறுகச் சேர்கிறது. அத்தோடு கோடையில்தான் வன்னியின் வேலைகள் அத்தனையும் திறந்த வானத்தின் கீழ் இறங்குகின்றன. நெல் காய்கிறது, எள்ளு அடிபடுகிறது, செங்கல் சூளை வைக்கப்படுகிறது, கூரை பிரித்து வேயப்படுகிறது, குளக்கட்டு வெட்டித் திருத்தப்படுகிறது, மாடுகள் வற்றிய குளத்துத் தரையில் மேய்கின்றன. வானம் சொன்னபடி நடக்கும் என்ற நம்பிக்கையில் செய்யப்படும் வேலைகள் இவை. அதனால் வெயில் மிஞ்சினால் உடம்பில் படுகிறது. மழை தப்பி வந்தால் உழைப்பில் படுகிறது. மாரியில் எவரும் திரும்பிப் பார்க்காத அளவு மழை மே மாதத்தில் ஒரு குடும்பத்தின் ஆறு மாத வருமானத்தை நனைத்துவிடும். கோடை இடர் என்பதை வெப்பமானியையும் மழைமானியையும் மட்டும் பார்த்து அளக்க முடியாததற்குக் காரணம் இதுவே.

கோடையும் ஒரே சீராக இருப்பதில்லை. மார்ச், ஏப்ரல், மே முற்பாதி ஒரு கோடை. மே பிற்பாதியிலிருந்து செப்டெம்பர் வரை இன்னொரு கோடை. முதலாவது, இரு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட காலம். காற்று தளர்ந்து கிடக்கும், ஈரப்பதன் குறையாது, வியர்வை உலராது. சூரியனின் வடக்கு நோக்கிய தோற்ற இயக்கத்தில் அது ஏப்ரல் 5 அளவில் இலங்கையின் தென்முனைக்கு நேர் மேலே வந்து, ஏப்ரல் 12க்கும் 14க்கும் இடையில் வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சிக்கு உச்சியில் நிற்கிறது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் நண்பகலில் முற்றத்துக் கம்பத்தின் நிழல் அதன் அடிக்குள்ளேயே ஒடுங்கிவிடுவது இதனால்தான். ஓகஸ்ட் கடைசியில் சூரியன் தெற்கே திரும்பும்போது இதே நிலை மறுபடி வரும். ஆனால் அப்போது காற்று வீசிக்கொண்டிருப்பதால் உடம்பு அதை அவ்வளவாக உணர்வதில்லை.

இரண்டாவது கோடை தென்மேல் பருவக்காற்றின் காலம். வன்னியில் இதைச் சோளகம் என்பார்கள். மேற்கிலிருந்து வறட்சியாகக் கொதித்து வீசுவதைக் கச்சான் என்பார்கள். இதே காற்று இரத்தினபுரியிலும் நுவரெலியாவின் மேற்குச் சரிவிலும் கொட்டும் மழையாகிறது. வன்னிக்கு வரும்போது புழுதியாகிறது. மத்திய மலைநாடு மழையை வாங்கிக்கொள்வதால் மறுபக்கம் வறள்கிறது என்பது பள்ளிப் புத்தகம் தரும் விளக்கம். மட்டக்களப்புக்கும் பொலன்னறுவைக்கும் அது அப்படியே பொருந்தும்: மலையிலிருந்து கீழிறங்கும் உலர்ந்த காற்று ஒவ்வொரு கிலோமீற்றர் இறக்கத்துக்கும் ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ் சூடேறுகிறது. வன்னிக்கு அது அரைகுறை விளக்கந்தான். தென்மேற்கிலிருந்து வவுனியாவை நோக்கி வரும் காற்று பெரும்பாலும் புத்தளம், கற்பிட்டிப் பக்கமிருந்து சமதரை வழியே வருகிறது; வழியில் மலை எதையும் ஏறி இறங்குவதில்லை. அதை மேலே தூக்கி முகிலாக்க வன்னியில் மேடு இல்லை என்பதே அந்தக் காற்று ஈரத்தைத் தன்னோடு வைத்துக்கொண்டு கடந்துபோவதற்கு முதற் காரணம்.

மார்ச், ஏப்ரலில் பகல் வெப்பநிலை 34, 35 பாகையைத் தொடுவது வழமை. சில நாட்களில் அதற்கு மேலும் போகும். எண்ணாகப் பார்த்தால் இது ராஜஸ்தானத்தையோ ஆந்திரத்தின் உள்மாவட்டங்களையோ நெருங்காது. ஆனால் வெப்பத்தை உடம்பு தாங்குவது வியர்வை உலர்வதைப் பொறுத்தது. காற்றில் ஈரம் 60 சதவீதமாக இருக்கும்போது 35 பாகை வெப்பநிலை உடம்புக்கு ஏறத்தாழ 45 பாகையாகத் தெரியும். இந்தக் கணக்கையே வெப்பச் சுட்டெண் என்ற பெயரில் வளிமண்டலவியல் திணைக்களம் இப்போது அறிவிக்கிறது. வவுனியா, முல்லைத்தீவு, மன்னார் மாவட்டங்கள் அந்த எச்சரிக்கைகளில் அடிக்கடி வந்துபோகும் பெயர்கள். சுட்டெண் நிழலில் நிற்பவருக்கான கணக்கு என்பதை அறிவித்தலை வாசிப்பவர்கள் பலர் கவனிப்பதில்லை. நேர் வெயிலில் நிற்பவருக்கு அதைவிட 8 பாகை வரை கூடுதலாகத் தெரியலாம். வெயிலில் நிற்பவர்கள்தான் வன்னியில் அதிகம்.

மிளகாய்த் தோட்டத்துக்கும் வெங்காயத்துக்கும் தண்ணீர் கட்டுபவர், வீதி வேலைக்குக் கிரவல் பரப்புபவர், மிதிவெடி அகற்றும் பணியில் தடித்த பாதுகாப்பு அங்கியும் முகக்கவசமும் அணிந்து முழங்காலில் இருந்து நிலத்தைச் சுரண்டுபவர் ஆகியோரே வெக்கைக்கு முதலில் ஆளாகிறவர்கள். மிதிவெடி அகற்றுவோரில் பெண்களும் கணிசமானோர். கமக்காரர் தம் வேலையை விடியற்காலை ஐந்து மணிக்குத் தொடங்கிப் பத்து மணிக்குள் முடித்து, வெயில் தாழ்ந்த பின் மறுபடி இறங்குகிறார்கள். நாட்கூலிக்குப் போகிறவருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. வேலை எட்டு மணிக்குத் தொடங்குகிறது. நாட்டின் வெக்கைச் சட்டதிட்டங்கள் எங்கே பலவீனம் என்று தேடுவோருக்கு இந்த மூன்று மணி நேர வித்தியாசம் போதும்.

வீடும் ஒரு காரணி. பனையோலையும் கிடுகும் வேய்ந்த மண்வீடு வெயிலை உள்ளே விடாது. ஆனால் ஆண்டுக்காண்டு வேயவேண்டும், தீக்குப் பயம். போருக்குப் பின் மீள்குடியேறியவர்கள் முதலில் தறப்பாளின் கீழும், பிறகு தகரக் கொட்டில்களிலும் இருந்தார்கள். இந்திய உதவியுடனான 50,000 வீட்டுத் திட்டம் போன்றவை கல்வீடு தந்தன. வீடு மாறியதும் பகல் வெக்கை குறைந்தது. ஆனால் சீமெந்துச் சுவர் பகலில் வாங்கிய சூட்டை இரவில் வெளிவிடும். மே முதல் ஓகஸ்ட் வரை இரவு வெப்பநிலையே 26 பாகையைச் சுற்றி நிற்கும் இடத்தில், முதியவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் இந்த இரவுச் சூடு பகல் வெயிலைவிடக் கெடுதல் செய்யக்கூடியது. உறங்கும்போது ஆறாத உடம்பு மறுநாள் வெயிலுக்குத் தயாராக இருப்பதில்லை.

கூட்டம் கூடும் நாட்களும் இதே மாதங்களில்தான். முல்லைத்தீவில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கலுக்கு வட மாகாணம் முழுவதுமிருந்து சனம் வருகிறது; காவடியும் தீச்சட்டியும் நேர்த்திக்கடனாகச் சுடுமணலில் நடக்கின்றன. செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் போகும் பாதயாத்திரை அடியார்கள் முல்லைத்தீவுக் கரையோரமாகக் கடப்பதும், மே 18 முள்ளிவாய்க்கால் நினைவுகூரலுக்கு மக்கள் திறந்தவெளியில் திரள்வதும் அதே வெயிலில். வழிநெடுக மோரும் சர்க்கரைத் தண்ணீரும் கொடுக்கும் தாகசாந்தி நிலையங்களை அறம் என்று மட்டும் பார்க்கிறோம். வன்னியில் நடைமுறையில் உள்ள வெப்பத் தடுப்பு ஏற்பாடுகளில் அவற்றைவிடச் சிறப்பானது வேறில்லை.

வெக்கையோடு சேர்த்துப் பேசவேண்டியது சிறுநீரக நோய். காரணம் துலங்காத நாட்பட்ட சிறுநீரக நோய் இலங்கையின் உலர்வலயத்தைப் பிடித்து மூன்று தசாப்தங்களுக்கு மேலாகிறது. அனுராதபுரம், பொலன்னறுவையை அடுத்து வவுனியா மாவட்டமும் முல்லைத்தீவின் வெலிஓயாப் பகுதியும் அந்த வரைபடத்தில் உள்ளன. நிலத்தடி நீரின் கடினத்தன்மை, புளோரைட்டு, விவசாய இரசாயனங்கள் எனக் காரணம் பற்றி வாதம் முடியவில்லை. மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டத் தொழிலாளரிடம் காணப்படும் இதையொத்த நோயில், நாள்தோறும் வெயிலில் உடம்பு நீரிழப்பதே முக்கிய சந்தேகத்துக்கு உள்ளாகியிருக்கிறது. உலர்வலயத்திலும் அது ஒரு பங்காளியாக இருக்கலாம் என்ற கருத்து வலுப்பெற்று வருகிறது. கிணற்று நீரின் சுவை பிடிக்காமல் குறைவாகக் குடிப்பவர் வெயிலில் நாள் முழுக்க வேலை செய்தால் இரண்டு தீங்கும் ஒரே உடம்பில் சேர்கின்றன.

வெக்கை பயிரையும் நீரையும் தாக்கும் விதம் நுட்பமானது. நெல் காலை வேளையில் பூக்கிறது. அந்த நேரத்தில் வெப்பநிலை 35 பாகைக்கு மேல் ஒரு மணி நேரம் நீடித்தாலே மகரந்தம் கெட்டுப் பதர் கூடத் தொடங்கும். சிறுபோகப் பயிர் பூக்கும் ஜூன், ஜூலையில் கச்சான் முந்தி எழுந்தால், தண்ணீர் குறைவில்லாமல் கட்டிய வயலிலும் விளைச்சல் விழுகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் கதிர் நிமிர்ந்து அழகாக நிற்கும். கையில் உருவிப் பார்த்தால்தான் மணி இல்லாதது தெரியும்.

நீர்க்கணக்கு அதைவிடக் கடினம். சோளகக் காலத்தில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு 5, 6 மில்லிமீற்றர் ஆவியாகிறது. நூறு நாளில் அரை மீற்றருக்கு மேல். சராசரி ஆழமே ஒரு மீற்றர் அளவுள்ள சிறு ஊர்க் குளத்துக்கு இது பாதிக் குளம். கனகராயன் ஆறு நிரப்பும் இரணைமடு, பாலியாற்றின் வவுனிக்குளம், முத்தையன்கட்டு, பாவற்குளம் போன்ற பெருங்குளங்கள் ஆழத்தால் தப்பிப்பிழைக்கின்றன. அவற்றிலும் சிறுபோகம் முழுநிலத்துக்கும் இல்லை. ஏப்ரலுக்கு முன்பாக மாவட்டச் செயலாளர் தலைமையில் நடக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில், குளத்தில் நிற்கும் அடிக்கணக்கை வைத்து எத்தனை ஏக்கர் என்பது முடிவாகிறது. இன்னாருக்கு இத்தனை என்று பங்கு பிரிக்கப்படுகிறது. துருசு திறக்கும் நாளும் பூட்டும் நாளும் அங்கேயே குறிக்கப்படும். இந்தக் கூட்டத்தில் ஓர் அங்குல நீருக்கு நடக்கும் வாக்குவாதத்தைக் கண்டவர்களுக்கு, இரணைமடு நீரை யாழ்ப்பாணக் குடிநீருக்குக் கொண்டுபோகும் திட்டத்தைக் கிளிநொச்சி விவசாயிகள் ஏன் அவ்வளவு உறுதியாக எதிர்த்தார்கள் என்பது விளங்கும். பின்னர் யாழ்ப்பாணத்துக்காகத் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் அமைக்கப்பட்டு 2024இல் திறக்கப்பட்டது.

கால்நடை வைத்திருப்போருக்குக் கோடையின் நடுப்பகுதி மேய்ச்சல் தேடும் காலம். மாரியில் வயலெல்லாம் நெல்லாக இருக்கும்போது பட்டிகளைக் காட்டோரத் தரவைகளுக்கு ஓட்டுகிறார்கள். அறுவடைக்குப் பின் அரிதாள் வயலுக்குள் இறக்குகிறார்கள். ஓகஸ்ட் வந்தால் குளத்துத் தரையின் ஈரப்புல்தான் கதி. அதே குளத்துக்கு அதே மாதத்தில் காட்டு யானையும் வருகிறது.

தீயும் புகையும் வறட்சியின் அடுத்த படி. வன்னியின் இயற்கைக் காடு எளிதில் பற்றாது. பாலை, வீரை, முதிரை, கருங்காலி நிற்கும் இந்த உலர் என்றும்பசுமைக் காடு கோடையிலும் இலை தாங்கி, நிலத்தை நிழலாக வைத்திருக்கும். எரிவது மனிதர் மாற்றியமைத்த இடங்கள். முல்லைத்தீவு, வவுனியாப் பகுதிகளில் வரிசையாக நடப்பட்ட தேக்கங்காடுகள் கோடையில் முழு இலையையும் கொட்டிவிடுகின்றன. அகன்ற சருகு நிலமெங்கும் கிடக்க, ஒரு பீடித் துண்டு போதும். கைவிடப்பட்ட காணிகளிலும் வீதியோரங்களிலும் ஆளுயரம் வளர்ந்து ஜூலையில் காய்ந்து நிற்கும் கினிப்புல் இன்னொரு எரிபொருள். சேனைக்கு வெட்டிய பற்றையை ஓகஸ்ட், செப்டெம்பரில் மழைக்கு முன் கொளுத்துகிறார்கள். புதுப் புல் தளிர்க்கட்டும் என்று தரவைக்குத் தீ வைக்கிறார்கள். வேட்டைக்கும் தேனெடுப்புக்கும் போனவர் விட்டுவந்த நெருப்பும் உண்டு. சோளகம் வீசும்போது இவற்றில் எதுவும் வைத்த இடத்தில் நிற்காது.

வன்னித் தீக்கு உலகின் பல இடங்களில் இல்லாத ஓர் ஆபத்தும் சேர்ந்திருக்கிறது. 2009 வரை நீடித்த போரின் வெடிக்காத எறிகணைகளும் மிதிவெடிகளும் இன்னும் மண்ணுக்குள் கிடக்கின்றன. அகற்றும் பணி ஒன்றரைத் தசாப்தத்துக்கு மேலாகத் தொடர்ந்தாலும் முகமாலை, முல்லைத்தீவுக் கரையோரம் போன்ற இடங்களில் முற்றுப்பெறவில்லை. துப்புரவாக்கிய காணியில் கூட்டிய குப்பைக்குத் தீ வைத்தபோது வெடித்துக் காயம்பட்டவர்கள் உண்டு. காணியைக் கொளுத்தித் துப்புரவு செய்வது உலர்வலயத்தின் பழைய வழக்கம்; வன்னியில் அது இனி ஒரு தலைமுறைக்காவது நிறுத்திவைக்கப்படவேண்டிய வழக்கம்.

தீ மிகுந்த காலமும் புகை மிகுந்த காலமும் ஒன்றல்ல என்பது இந்தப் பகுதியின் விசித்திரம். ஜூன் முதல் ஓகஸ்ட் வரை தீ பரவும். ஆனால் காற்று புகையை உடனே கலைத்துக் கடலுக்குக் கொண்டுபோய்விடும். புகை தங்குவது பெப்ரவரி, மார்ச் காலைகளில். அப்போது இரவில் நிலம் குளிர்ந்து, அதையொட்டிய காற்றும் குளிர்ந்து, மேலே சற்றுச் சூடான படை மூடிபோல் நிற்கும். காலபோக அறுவடை முடிந்து வைக்கோல் எரியும் வாரங்களும் அவைதான். முன்பு கையால் அறுத்துச் சூடு வைத்து மிதித்த காலத்தில் வைக்கோல் ஓரிடத்தில் சேர்ந்தது, மாட்டுக்குப் போனது. அறுவடை இயந்திரம் அதை வயல் முழுவதும் துண்டாக உதிர்த்துச் செல்வதால், அள்ளுவதைவிடக் கொளுத்துவது மலிவாகிவிட்டது. அந்தப் புகையோடு பின்னேரங்களில் ஒவ்வொரு முற்றத்திலும் எரியும் பிளாஸ்ரிக் கலந்த குப்பையும் சேர்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் மிக நுண்ணிய துகள்களுக்கு 24 மணி நேர வரம்பாகக் கனமீற்றருக்கு 15 மைக்ரோகிராமைப் பரிந்துரைத்தது. விறகடுப்புப் புகையும் நுளம்புக்குப் போட்ட புகையும் நிறைந்த ஒரு குசினியில் அந்த வரம்பு சமையல் முடிவதற்குள் தாண்டப்பட்டுவிடும். ஆகையால் வன்னியில் புகைப் பாதிப்பு பெரும்பாலும் பெண்களின் பாதிப்பு. காட்டுத்தீயைப் பற்றி மட்டும் பேசும் திட்டங்கள் அதைத் தொடுவதே இல்லை.

தொலைவிலிருந்து வரும் புகையும் உண்டு, ஆனால் அது மாரிக்கு உரியது. 2022 டிசம்பரில் மண்டூஸ் புயல் வங்காள விரிகுடாவில் நின்றபோது வடக்கிலிருந்து இழுபட்ட மாசுக் காற்று வட மாகாணம் உட்பட நாட்டின் பல பாகங்களில் வானத்தை மங்கலாக்கியது. டிசம்பர் 9ஆம் திகதி பாடசாலைகள் மூடப்பட்டன. அதே நாட்களின் குளிரும் மழைக்காற்றும் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட கால்நடைகளைக் கொன்றன. கிளிநொச்சியும் முல்லைத்தீவும் அதில் பெரிதும் இழந்தன. முந்திய கோடையில் மேய்ச்சலின்றி மெலிந்த மாடு குளிரைத் தாங்காது. கோடையின் கணக்கு இவ்வாறு மாரியில் தீர்க்கப்படுவதும் உண்டு.

கோடை மழை இரண்டு வகையில் வருகிறது. ஒன்று இடிமழை. ஏப்ரலில் மன்னார்ப் பக்கத்துக் கடற்காற்றும் முல்லைத்தீவுப் பக்கத்துக் கடற்காற்றும் பகல் ஏற ஏற உள்நாட்டை நோக்கி நுழைந்து, நடுவே எங்கோ முட்டி, மேலே கிளம்புகின்றன. வானிலை அறிக்கை பிற்பகல் 2 மணிக்குப் பின்னர் மழை என்று கூறுவது இந்தக் கணக்கில்தான். காலை முழுக்கத் தெளிந்திருந்த வானத்தில் மூன்று மணிக்குக் கருமுகில் எழும். முதலில் ஒரு குளிர்ந்த காற்று, பிறகு புழுதி, பிறகு மின்னல், கடைசியில்தான் மழை. இலங்கையில் மின்னல் மரணங்கள் மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் குவிகின்றன. இறப்பவர்களில் வயலிலும் குளத்திலும் நின்றவர்கள், மழைக்கு மரத்தடியில் ஒதுங்கியவர்கள் அதிகம். வெட்டவெளியான வயலில் மண்வெட்டியோடு நிற்கும் ஆளே உயரமான பொருள். காவற்கொட்டிலோ இடிதாங்கி அற்றது. மின்னலுக்கும் முழக்கத்துக்கும் இடையில் மூன்று விநாடி என்றால் அது ஒரு கிலோமீற்றருக்குள் வந்துவிட்டது. அப்போது நெல்லை மூட ஓடுவது உயிரை வைத்து ஆடுவது. ஆனால் மழை கண்டதும் படங்கை இழுத்துக்கொண்டு களத்துக்கு ஓடுவதுதான் எல்லோரும் செய்வது.

இதே முகில்கள் கீழ்நோக்கித் தள்ளும் காற்றைப் பத்திரிகைகள் மினி சூறாவளி என்று எழுதுகின்றன. சூறாவளிக்கும் இதற்கும் தொடர்பில்லை. சில நிமிடத்தில் சில சதுர கிலோமீற்றரில் முடிந்துபோகும். தகரக் கூரை பறக்கும், வாழையும் பப்பாசியும் படுத்துவிடும், மின்கம்பி அறும். சேதம் ஒரு கிராமத்தோடு நின்றுவிடுவதால் மாவட்ட அளவிலான கணக்கில் அது எடுபடுவதில்லை. இழந்த குடும்பத்துக்கோ அது முழு இழப்பு.

மற்றது, நாட்கணக்கில் பெய்யும் பெருமழை. வங்காள விரிகுடாவில் தாழமுக்கங்கள் உருவாக ஆண்டில் இரு காலங்கள் உண்டு. ஒன்று மாரிக் காலம், மற்றது ஏப்ரல் முதல் ஜூன் வரை. கோடைத் தாழமுக்கங்கள் பெரும்பாலும் வடக்கே போய்விடும். 2016 மே மாதத்தில் ஒன்று அப்படிப் போவதற்கு முன் இலங்கையின் கிழக்குக் கரையை உரசிச் சென்றது. பின்னர் மே 19இல் ரோனு என்று பெயர் பெற்று, 21இல் வங்காளதேசத்தில் கரை கடந்த புயல் அது. மே 15ஐ ஒட்டிய 24 மணி நேரத்தில் கிளிநொச்சியில் 350 மில்லிமீற்றருக்கு மேல் மழை பதிவானது. அந்நாளில் நாட்டிலேயே மிகக் கூடிய அளவுகளில் அது ஒன்று. வழமையான ஆண்டில் மே மாதம் முழுவதுக்கும் அங்கே கிடைப்பதைப் போலப் பல மடங்கு அது. இரண்டு நாள் கழித்து, மே 17ஆம் திகதி, கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் மலை சரிந்து கிராமங்களை மூடியது. களனி கங்கை கொழும்பின் புறநகரை மூழ்கடித்தது. நாட்டின் கவனமும் நிவாரணமும் அந்தப் பக்கம் திரும்பியது இயல்பே. கிளிநொச்சியின் மழை ஓர் எண்ணாக மட்டும் நினைவில் நிற்கிறது.

கோடைப் பெருமழையை மாரி வெள்ளத்தோடு ஒப்பிடும்போது ஒரு நன்மையும் ஒரு தீமையும் தெரிகின்றன. மே மாதத்தில் குளங்களில் இடம் இருக்கும். 2018 டிசம்பர் 21, 22இல் இரணைமடு நிரம்பி வான்கதவுகள் திறக்கப்பட்டுக் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மூழ்கியதைப் போன்ற நிலை அப்போது எளிதில் வராது. தீமை நிலத்தில் உள்ளது. வன்னியின் செங்கபில மண் காய்ந்தால் இறுகிக் கல்லாகிவிடும். முதல் மழை உள்ளே இறங்காமல் மேலால் ஓடும். வாய்க்காலில் எட்டு மாதச் செடியும் குப்பையும் நிறைந்திருக்கும். திருத்த வேலைக்காகக் குளக்கட்டு வெட்டியபடி இருக்கும். பூவிலும் காயிலும் நிற்கும் மேட்டுநிலப் பயறும் நிலக்கடலையும் இரண்டு நாள் தண்ணீரில் நின்றால் அழுகிவிடும். முல்லைத்தீவுக் கரையில் ஏப்ரலுக்குப் பிந்திய மாதங்களே மீன்பிடி மும்முரமானவை; வாடிகளில் பரப்பிய கருவாடு ஒரு மழையில் போய்விடும்.

கோடை மழை எவ்வளவு பெய்தது என்பதைவிட யார்மேல் பெய்தது என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2009 ஓகஸ்ட் சான்று. போர் மே மாதத்தில் முடிந்தபோது ஏறத்தாழ 280,000 மக்கள் முகாம்களில் அடைக்கப்பட்டிருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் வவுனியா, செட்டிக்குளத்தில், அருவியாற்றங்கரையில் காடு வெட்டி அமைத்த மெனிக் பாமில். வெட்டிய இடத்தில் நிழல் மரம் மிச்சமில்லை, வெண்ணிறத் தறப்பாள் கூடாரத்துக்குள் பகலில் இருக்கமுடியாத வெக்கை, குடிநீருக்கு வரிசை. ஓகஸ்ட் நடுப்பகுதியில் சில மணி நேர மழை பெய்தது. வன்னியில் ஓகஸ்டில் இடையிடையே விழும் சாதாரண மழைதான். வடிகால் வெட்டப்படாத களிநிலத்தில் கூடாரங்களுக்குள் நீர் புகுந்தது. மலசலகூடக் குழிகள் நிரம்பி வழிந்தன. அடைத்துவைக்கப்பட்டவர்கள் மேட்டுக்குப் போகவும் வழியில்லை. வெக்கை, தண்ணீர்த் தட்டுப்பாடு, வெள்ளம் மூன்றும் ஒரே நூறு நாளுக்குள் ஒரே மக்கள்மேல் விழுந்தன. முகாம் 2012 செப்டெம்பரில்தான் மூடப்பட்டது.

பெருமழையும் வறட்சியும் ஒன்றையொன்று விலக்குவதும் இல்லை. 2016 மே மழையில் நனைந்த அதே மாவட்டங்களில் அவ்வாண்டு ஒக்டோபரில் மாரி பொய்த்தது. இந்து சமுத்திரத்தின் கிழக்கு மேற்குப் பகுதிகளுக்கிடையிலான கடல் வெப்ப வேறுபாடு அந்த ஆண்டு இலங்கைக்குப் பாதகமான பக்கம் வலுவாகச் சாய்ந்திருந்தது. எல் நினோவின் எதிர்நிலையான லா நினாவும் மெல்ல எழுந்திருந்தது. இந்தியத் தென்மேல் மழைக்கு நல்லதாகக் கருதப்படும் லா நினா, வன்னியின் மாரிக்குப் பல தடவை எதிராகவே நிற்கும். காலபோகம் பெரும்பகுதி விதைக்கப்படவில்லை. 2017இல் நாட்டின் மொத்த நெல் விளைச்சல் முந்திய ஆண்டைவிட ஏறத்தாழ 40 சதவீதம் குறையும் என்று ஐ.நா.வின் உணவு அமைப்புகள் மதிப்பிட்டன. நாற்பது ஆண்டுகளில் மிக மோசமான வறட்சி என்று அது பேசப்பட்டது. வன்னிக் கிராமங்களுக்குப் பிரதேச சபையின் பவுசர்கள் தண்ணீர் கொண்டுபோயின.

நீண்டகாலப் போக்கு வெக்கையைக் கூட்டுகிறது. 1961 முதல் 1990 வரையான பதிவுகளில் இலங்கையின் சராசரி வெப்பநிலை ஆண்டுக்கு 0.016 பாகை வீதம் ஏறியது. மழையின் மொத்த அளவு எங்கே போகிறது என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. பெய்யும்போது கொட்டித் தீர்ப்பது கூடுகிறது என்பதில் கருத்து வேறுபாடு குறைவு.

எச்சரிக்கையும் நிவாரணமும் இந்த இடர்களை ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தின் கீழ் அமைந்த அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு மாவட்டந்தோறும் பிரிவு உண்டு. 117 என்ற எண்ணில் அழைக்கலாம். சூனாமிக்குப் பின் பிறந்த அமைப்பு ஆகையால் திடீரென வரும் நீருக்கு அது நன்றாகப் பழகியிருக்கிறது. வறட்சிக்குப் பவுசரும் உலருணவும் உண்டு. மின்னலுக்கும் மினி சூறாவளிக்கும் சம்பவம் முடிந்த பின் தகரமும் இழப்பீடும். வெக்கைக்கு அறிவித்தல் மட்டுமே. 2024இன் முற்பகுதியில் வெப்பம் மிகுந்தபோது பாடசாலை மாணவரை வெளிப்புறச் செயற்பாடுகளில் ஈடுபடுத்துவதை மட்டுப்படுத்தும்படி கல்வி அமைச்சு அறிவுறுத்தியது. இல்ல விளையாட்டுப் போட்டிகள் நடக்கும் பருவம் அது. மாணவருக்குக் கிடைத்த அந்தப் பாதுகாப்புக்கு ஈடாக, அதே நண்பகலில் பாடசாலை மதிலுக்கு வெளியே வீதி போடும் தொழிலாளருக்கு எதுவும் இல்லை.

முன்னறிவித்தல் பெரும்பாலும் மாகாண அளவில் வருகிறது. வடக்கில் ஓரிரு இடங்களில் இடியுடன் மழை என்பது ஒட்டுசுட்டானில் எள்ளுப் பிடுங்கிப் போட்டவருக்கு உதவாது. அவருக்கு வேண்டியது இரண்டு: அன்று மதியத்துக்குள் தன் பக்கத்தில் முகில் கூடுமா என்ற சேதி, கூடினால் கட்டுகளை அடுக்கி மூடப் போதிய படங்கு. முதலாவதை ராடாரும் கைத்தொலைபேசியும் தரமுடியும். இரண்டாவதை ஒரு கமக்காரர் அமைப்பே வாங்கி வைக்கலாம். கமநல சேவை நிலையங்களில் விதையும் உரமும் வைக்கும் களஞ்சியங்களோடு சீமெந்துக் களமும் கூரையிட்ட உலர்த்தும் தளமும் அமைந்த ஊர்களில் வீதியில் நெல் காயவிடும் வழக்கம் தானாகக் குறைந்திருக்கிறது. வாய்க்காலைச் செப்டெம்பரில் மட்டும் துப்புரவாக்காமல் ஏப்ரலிலும் ஒருமுறை துப்புரவாக்குவது, குளக்கட்டுத் திருத்த வேலையை மே தாழமுக்கக் காலத்தில் பாதி வெட்டியபடி விடாமல் கட்டங்கட்டமாக முடிப்பது ஆகியவை பெருஞ் செலவற்றவை. வேலைநேரத்தை ஆறு மணிக்கு முன்நகர்த்த ஒப்பந்தக்காரருக்குத் தடையேதும் இல்லை. ஒப்பந்தப் பத்திரத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்.